கொட்டாங்கச்சியில் உண்ணி

மாடு சிவப்பாக மூத்திரம் போகிறது என்று யாராவது வந்து சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சொல்ல வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. "நாங்க என்னங்க பண்ணினோம்?" என்று முழிப்பார்கள். அவர்கள் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணினவன் நான். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் தன் பிரதாபங்களை எழுதி வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இது பிரதாபமும் இல்லை. சொல்லாமல் போய்விடக் கூடாது என்று எனக்குத்தான் இருக்கிறது.

என் முதல் போஸ்டிங் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிராமம். திருப்பனந்தாளில் பஸ்ஸை விட்டு இறங்கி சைக்கிள் மிதிக்க வேண்டும். ஓட்டுக் கட்டடம், ஒரு கம்பவுண்டர், பீரோவுக்குள் ஒரு மைக்ராஸ்கோப். இவ்வளவுதான் மாட்டாஸ்பத்திரி. ஆட்சி கைமாறிய புதிது. சுவரில் முதலமைச்சர் படத்தை மாற்றியிருந்தோம், ஆணி மட்டும் பழையது. நிலமில்லாதவர்களுக்கு ஆளுக்கொரு ஜெர்ஸிக் கலப்பு மாடு கொடுத்தார்கள். மாடுகளுக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, கயிற்றைக் கையில் பிடித்துக் கொடுத்தார்கள்.

இந்த மாட்டுக்கு நம்மூர் உண்ணி ஆகாது என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை. நாட்டு மாடு கன்றாக இருக்கும்போதே உண்ணிக் காய்ச்சலில் விழுந்து எழுந்து தாங்கப் பழகிக்கொள்ளும். கலப்பு மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உண்ணி கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ரத்தத்துக்குள் போகும். போய், சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக உடைக்கும். உடைந்த ரத்தம்தான் மூத்திரத்தில் சிவப்பாக வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரே ஊசியில் தீர்ந்துவிடும். இரண்டு நாள் போய்விட்டால் கடவுளே வந்தாலும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் காலனித் தெருவில் பிறந்தவன். அந்த ஊர்க் காலனி இல்லை, கிழக்கே கடற்கரைப் பக்கம். அப்பா பண்ணையாள். உதவித்தொகையில் படித்து டாக்டரானேன். புது ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. பெரிய தெருவில் வாடகைக்கு வீடு கேட்டபோது நான் என்ன ஆட்கள் என்று சாடைமாடையாகக் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றினேன். வெள்ளைச் சட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் பார்த்து அவர்களாகவே ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். 

அந்த வருஷம் குறுவை முற்றி நின்ற நேரத்தில் அறுப்புக் கூலித் தகராறு வந்தது. காலனித் தெருவில் யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. அந்த ஊரில் பாதி நிலம் வைத்திருந்த மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்தார், வாய்க்கால் மதகில் கைகலப்பாயிற்று, போலீஸ் வந்தது. சிலரைப் பிடித்துக்கொண்டு போய் கும்பகோணம் சப்-ஜெயிலில் வைத்தார்கள். வெளியூர் ஆட்கள் பயந்து ஓடிவிட்டார்கள். ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கும் போலிருந்தது. நெல் வயலிலேயே முளைத்துவிடும் என்று மிராசுதாருக்குப் பதற்றம். தன் வரப்பில் காலனிக்காரர்கள் யாரும் ஒரு பிடி புல் அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் வரப்பு என்றாலே அவருடைய வரப்புதான்.

ஜெயிலுக்குப் போனவர்களில் ஒருவன் மனைவிக்குத் திட்டத்தில் மாடு கிடைத்திருந்தது. முப்பது வயசு இருக்கும் அவளுக்கு. ஒல்லியான, அதிகம் பேசாத பெண். மாடு கன்று போட்டு மூன்று வாரம். தெருவில் மற்றவர்கள் வெளியூர் வேலைக்குப் போய்ச் சமாளித்தார்கள். கைக்குழந்தையோடு இவளால் எங்கும் போக முடியாது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை ஏறியது. மாடு இருக்கிற வரைக்கும் அவள் மிராசுதார் களத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. மாடு போனால் நிற்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், மிராசுதாருக்கும் தெரியும்.

வரப்பில் புல் இல்லை என்றானதும் அவள் மாட்டைக் கொள்ளிடப் படுகைக்கு ஓட்டிப் போய் மேய்த்தாள். கிடை போடுகிறவர்களின் மாடும் ஆடும் வந்து தங்குகிற இடம் அது. அங்கே உண்ணிக்குப் பஞ்சமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தாள். "நேத்து சாயங்காலத்துலேருந்து செவப்பா மூத்திரம் போவுதுங்க" என்றாள். மாட்டைப் பார்த்தேன். அப்படி ஒரு சுத்தம். மினுமினுவென்று தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கொம்பில் எண்ணெய் தடவி, மாட்டுப் பொங்கலுக்கு நிறுத்தினது போல நிறுத்தியிருந்தாள். காதுக்குள் பார்த்தேன். மடிக்கும் தொடைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு உண்ணி இல்லை.

"உண்ணி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"படுகைக்கு ஓட்டிட்டுப் போனியா?"

"இல்லீங்க. வைக்கல்தாங்க போடுறேன்."

கன்று போட்டு மூன்று வாரம், தீனி வெறும் வைக்கோல், உண்ணி இல்லை, மூத்திரம் சிவப்பு. புத்தகத்தில் இதற்கு இன்னொரு வியாதி இருக்கிறது, பாஸ்பரஸ் குறைவு. அந்த மாதம்தான் பெரிய தெருவில் இரண்டு எருமைகளுக்கு அதைக் கண்டுபிடித்து, ஊசி போட்டு நிறுத்தி, நல்ல பேர் வாங்கியிருந்தேன். மூன்றாவதும் அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தெர்மாமீட்டர் நூற்றி மூன்று காட்டியது. பாஸ்பரஸ் குறைவில் காய்ச்சல் வராது. ஆனால் வெயிலில் நடத்திக் கூட்டி வந்த மாடுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காதில் ஒரு குத்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. வெளியே இருபது மாடு காத்திருந்தது. பாஸ்பரஸ் ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். மாடு வரவில்லை. "எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அன்றுதான் முதல் தடவை. அதுவரை மாட்டை ஆஸ்பத்திரிக்கே ஓட்டி வரச் சொல்வதுதான் என் வழக்கம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கொட்டகையில் மாடு தலையைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. கண் இமையைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் மஞ்சள். பின்னால் தேங்கியிருந்த மூத்திரம் கெட்டி டிகாஷன் நிறம். கன்று ஒரு ஓரமாகக் கட்டியிருந்தது, கத்திக்கொண்டே இருந்தது.

ஸ்டெதஸ்கோப்பை மாட்ட நிமிர்ந்தபோது கூரை இறவாரத்தில் செருகியிருந்த கொட்டாங்கச்சி கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். பாதி வரைக்கும் மண்ணெண்ணெய். அதில் ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போன உண்ணிகள், ஒரு கை நிறைய இருக்கும்.

"என்ன இது?"

அவள் கன்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்ன இதுன்னு கேக்கறேன்ல?" என்று கத்தினேன்.

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு புடுங்கிப் போட்டுட்டேங்க" என்றாள். "ஞாயித்துக்கிழம ராத்திரி பூரா ஒண்ணு ஒண்ணாப் புடுங்கினேன். அப்பறம் வாய்க்கால்ல வெச்சுத் தேச்சுக் குளிப்பாட்டித்தாங்க ஓட்டியாந்தேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் சினை பார்க்க இதே மாட்டை ஓட்டி வந்திருந்தாள். காதோரம் நாலைந்து உண்ணி இருந்தது. பெரிய தெரு ஆட்கள் சுற்றி நின்றார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உங்க தெருவுல மனுஷங்களும் குளிக்கறதில்ல, மாட்டையும் குளிப்பாட்டறதில்லையா? இனிமே உண்ணியோட மாட்டை இங்க கொண்டாராதே" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குச் சுகமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சுகமாகத்தான் இருந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு பக்கம் நிற்கிறேன், அவள் வேறு பக்கம் நிற்கிறாள் என்ற சுகம்.

அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவள் வியாதியின் அடையாளத்தையே சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு என்னிடம் ஓட்டி வந்தாள். டாக்டரிடம் போகும் முன்னால் முகத்தைக் கழுவிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. நான் அந்தச் சுத்தத்தைப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டினேன். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டியதில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதும் அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

மாட்டின் காது நுனியில் குத்தி முதல் சொட்டைக் கண்ணாடியில் இழுத்தேன். ரத்தமா அது, சாயம் போன தண்ணீராக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பறந்து போய், கண்ணாடியைச் சாயத்தில் ஊற வைத்து, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை இழுத்துப் போட்டேன். வானம் மூடியிருந்ததால் வெளிச்சம் போதவில்லை. மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஒருவழியாக வெளிச்சத்தைப் பிடித்தேன். சிவப்பணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. மிஞ்சியிருந்தவற்றுக்குள் காம்போடு சேர்ந்த இரண்டு கத்தரிப் பிஞ்சு போல, ஜோடி ஜோடியாக அந்தக் கிருமி. சந்தேகத்துக்கே இடமில்லை. படிக்கிற காலத்தில் பேராசிரியர் இப்படி ஒரு ஸ்லைடு காட்டியிருந்தால் எவ்வளவு தெளிவு என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

இதற்கு மருந்து ஒரு மஞ்சள் பொடி. தண்ணீரில் கரைத்துச் சதையில் போட வேண்டும். மருந்து அலமாரியைத் திறந்தேன். இல்லை என்று தெரிந்துதான் திறந்தேன். ஆடியில் நாலு பாக்கெட் வந்தது. நாலையும் நான்தான் மிராசுதார் வீட்டில் கொடுத்திருந்தேன். அவர் ஆறு ஜெர்ஸி மாடு வைத்திருந்தார். கார் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். கூடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளி டம்ளரில் காபி வரும். என் அப்பா அந்த மாதிரி வீட்டில் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. "ஒரு நாலு பாக்கெட் வீட்டுல இருக்கட்டுமே டாக்டர், அவசரத்துக்கு" என்றார். கூசாமல் எடுத்துக் கொடுத்தேன். அந்த நாற்காலிக்கு அதுதான் விலை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கும்பகோணம் போய் வாங்கி வர வேண்டுமென்றால் சாயங்காலம் ஆகிவிடும். அன்றைக்கு மறியல் வேறு, பஸ் ஓடுமா என்பதே நிச்சயமில்லை. மிராசுதார் வீட்டுக்கு மிதித்தேன்.

அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க டாக்டர் என்று எப்போதும் போல உபசரித்தார். மருந்து வேண்டும் என்றேன்.

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்குங்க. யாரு மாட்டுக்கு?"

சொல்லியிருக்க வேண்டாம். பொய் சொல்லத் தெரியாதவனும் இல்லை நான். அந்த ஊரில் ஒரு வருஷமாகப் பொய்யில்தான் குடியிருந்தேன். ஆனால் உண்மை வந்துவிட்டது. அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் சொன்னார்.

"அவளே வந்து வாங்கிக்கட்டும். நாளைக்குக் காலையில கருக்கருவாளோட வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிட்டுப் போகட்டும். ஒருத்தி இறங்கினா மத்தவங்களும் இறங்கிடுவாங்க. எனக்கும் நெல்லு முளைச்சுடும் டாக்டர், நான் மட்டும் என்ன பண்றது?"

"இது சர்க்கார் மருந்துங்க" என்றேன்.

"சர்க்கார் மருந்து இங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே" என்றார். சிரிக்கக் கூட இல்லை. என் மேல் அக்கறைப்பட்டுத்தான் சொன்னது போல இருந்தது. "உங்களுக்கு ஏன் டாக்டர் அவங்க மேல இவ்வளவு கரிசனம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், ஏன் என்று. சொல்லவில்லை. உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அவருடைய சேதியைச் சுமந்துகொண்டு காலனிக்குப் போனேன்.

அவள் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். சொன்னேன். அவளுடைய நாத்தனார் மட்டும், "போகாத. அண்ணன் உள்ள கெடக்கறது எதுக்காவ?" என்றாள்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அந்த ஊசி போட்டாப் பொழச்சுக்குமாங்க?"

அந்தக் கண் இமையை நான் பார்த்திருந்தேன். கண்ணாடியிலும் பார்த்திருந்தேன். இனி மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் போன ரத்தம் திரும்ப வராது. பத்தில் ஒரு பங்குகூட நம்பிக்கையில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். மாட்டை மட்டும் இழந்திருப்பாள். ஆனால் என் தப்பு அப்படியே அங்கே படுத்துக் கிடக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொழச்சுக்கும்" என்றேன்.

அவள் எழுந்து குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் நானும் போகவில்லை. மிராசுதார் வீட்டு வாசலில் என்ன சொன்னாள், எப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ஓடி வந்தாள். பாக்கெட்டை என் கையில் வைத்தபோது அது வியர்வையில் நனைந்திருந்தது.

உச்சிப்பொழுதில் ஊசி போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. அவள் சாக்கைப் போர்த்தி மாட்டின் மேல் கவிழ்ந்துகொண்டாள். நாலு மணி சுமாருக்கு மாடு இரண்டு தடவை காலை உதைத்தது, பிறகு உதைக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கேட்காத இடத்தில் எவ்வளவு நேரம்தான் காதை வைத்துக்கொண்டிருப்பது?

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மிராசுதார் வயலைப் பார்த்தேன். தண்ணீர் தேங்கிய வயலில் ஒரே ஒரு ஆள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தது. அவள்தான். சாலையில் காலனி ஆட்கள் நாலைந்து பேர் போனார்கள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒருவன் மட்டும் காறித் துப்பிவிட்டுப் போனான்.

சைக்கிளைப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கினேன்.

"மாடுதான் போயிடுச்சேம்மா. இன்னும் ஏன் வந்தே?"

"வாங்கியாச்சுல்லீங்க, மருந்து" என்றாள், நிமிராமலே. "வர்றேன்னு சொல்லிட்டேன்."

"தப்பு என்னோடதும்மா. முதல் நாளே ரத்தம் பார்த்திருக்கணும்."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? நாங்க சுத்தமா வெச்சுக்கலை" என்றாள்.

அவள் அதை மனசாரச் சொன்னாள். நான் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே நம்பியிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அந்த வரப்பில் நின்று சொன்னேன். "நானும் உங்க மாதிரித் தெருவுல பொறந்தவன்தாம்மா. எங்கப்பா பண்ணையாளு. எங்கம்மா இப்பவும் அறுப்புக்குப் போறா."

இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எனக்கும் மன்னிப்பு மாதிரி ஏதோ கிடைக்கும் என்று நினைத்திருப்பேன்.

அவள் நிமிர்ந்தாள். கருக்கரிவாள் கையில் அப்படியே நின்றது. அதுவரை அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. அப்போது பார்த்தாள். பெரிய தெருக்காரன் திட்டினான் என்று இத்தனை நாள் பொறுத்துக்கொண்டவள், அழ ஆரம்பித்தாள்.

"அப்பறம் ஏங்க அத்தன பேரு முன்னால என்னை அப்படித் திட்டுனீங்க?" என்று கேட்டாள்.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் குனிந்து அறுக்க ஆரம்பித்தாள்.